கோட்டையில் பேசியது ஊருக்கு எப்போது வரும்?

சட்டமன்ற உறுப்பினரிடம் ஊர் கொடுத்தனுப்புவது கோரிக்கை. அவர் ஊருக்குக் கொண்டுவர வேண்டியது பதில். தமிழ்நாட்டில் முதலாவதற்குக் குறைவே இல்லை. தொகுதி அலுவலகத்தில், கல்யாண மண்டபத்தில், துக்க வீட்டு வாசலில், கார் கண்ணாடி வழியாக என்று மனு போய்க்கொண்டே இருக்கிறது. அந்த மனு என்ன ஆனது, அது சட்டமன்றத்தில் பேச்சாக மாறியதா, அமைச்சர் என்ன பதில் சொன்னார், பணம் ஒதுக்கப்பட்டதா, முடியாது என்றால் ஏன் முடியாது என்பதெல்லாம் அதே ஊருக்கு எழுத்தாகத் திரும்பி வருவது அபூர்வம். அரசின் கொள்கைகளையும் ஊர்ப் பொது விஷயங்களையும் தொகுதி மக்களுக்குத் தொடர்ந்து தெரிவிப்பது உறுப்பினரின் தயவில் நடக்கும் காரியமாக இருந்துவருகிறது. உண்மையில் அது அவர் பணியில் சரிபாதி.

செட்டிநாட்டில் இந்தப் பாதியின் தேவை இன்னும் கூடுதல். காரைக்குடியைச் சுற்றிய இந்த நிலம் பேச்சிலும் பண்பாட்டிலும் ஒன்று. நிர்வாகக் கணக்கில் ஒன்றல்ல. சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. சட்டமன்றத் தொகுதிகளும் காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் என்று வேறு வேறு. திருமயம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. இதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் ஒரே எம்.பி.க்கு வாக்களித்துவிட்டு, எம்.எல்.ஏ.வுக்கும் கலெக்டருக்கும் வேறு வேறு திசையில் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இந்த எல்லைக் குழப்பத்துக்கு வலையபட்டி என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பட்டி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் தமிழகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. வலையபட்டியும் ஒன்றுக்கு மேல் உண்டு. மனுவில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த வட்டம், எந்த ஒன்றியம், எந்த ஊராட்சி என்று தேடுவதிலேயே காகிதம் மேசை மேசையாக அலையும். தன் ஊர் யாருடைய எல்லைக்குள் இருக்கிறது, எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதுதான் வாக்காளருக்குக் கிடைக்க வேண்டிய முதல் தகவல். குடிநீர்க் குழாய் உடைந்தால் ஊராட்சி, பட்டா மாற வேண்டும் என்றால் வட்டாட்சியர், நெடுஞ்சாலை குண்டும் குழியுமாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறை. இந்தச் சின்ன விவரம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் முதியவர்கள் எல்லாத் தொகுதியிலும் இருக்கிறார்கள்.

கோட்டையில் என்ன நடக்கிறது

சென்னைக் கோட்டையில் கூடும் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். மேலவை 1986-ல் கலைக்கப்பட்ட பிறகு இருப்பது ஒரே அவை. அங்கே ஒரு தொகுதியின் குரல் கேட்கும் இடங்கள் பல. கேள்வி நேரத்தில் அமைச்சரை நேரே கேட்கலாம். நேரமில்லா நேரத்தில் அவசரப் பிரச்சினையை எழுப்பலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். ஆளுநர் உரை மீதும் நிதிநிலை அறிக்கை மீதும் பேசலாம். இவை அனைத்திலும் ஊருக்கு மிக நெருக்கமானது மானியக் கோரிக்கை விவாதம். ஒவ்வொரு துறைக்கும் அந்த ஆண்டு எவ்வளவு பணம், அதை எதற்குச் செலவிடப் போகிறார்கள் என்பது அப்போதுதான் அவையின் முன் வருகிறது. அந்த நாளில் துறைதோறும் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகம் வைக்கப்படுகிறது. எத்தனை பள்ளிகள், எத்தனை கண்மாய்கள், எந்தத் திட்டத்துக்கு யார் தகுதியானவர், போன ஆண்டு என்ன செய்தார்கள் என்று தமிழிலேயே விரிவாக எழுதப்பட்ட புத்தகம் அது. அரசைப் பற்றி அறிய இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. உறுப்பினரின் கைக்கு அது வந்துசேர்கிறது. ஊர் நூலகத்தின் அலமாரிக்கு வருவதில்லை.

அவையில் தரப்படும் பதில்களுக்கும் ஒரு மொழி உண்டு. ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘நிதிநிலைக்கேற்ப எடுத்துக்கொள்ளப்படும்’ என்ற மூன்றும் வெவ்வேறு பொருள் தருபவை. ‘இவ்வாண்டே தொடங்கப்படும்’ என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. அதை நிறைவேற்றினார்களா என்று பார்ப்பதற்கென்றே சட்டமன்றத்தில் உறுதிமொழிக் குழு இருக்கிறது. ‘நிதிநிலைக்கேற்ப’ என்றால் இப்போதைக்குப் பணம் இல்லை என்று பொருள். இந்த வேறுபாட்டை மக்களுக்கு விளக்கிச் சொல்லக்கூடியவர் உறுப்பினர் ஒருவர்தான். அவர் சொல்லாவிட்டால் மூன்றும் ஊரில் ‘சாங்ஷன் ஆயிடுச்சாம்’ என்ற ஒரே செய்தியாகப் பரவிவிடும்.

ஊரில் மிகுந்த குழப்பம் நேர்வது இந்தச் ‘சாங்ஷன்’ என்ற சொல்லில்தான். ஒரு பாலமோ துணை சுகாதார நிலையமோ தரையில் எழும்புவதற்கு முன்னால் பல படிகளைக் கடக்க வேண்டும். முதலில் அறிவிப்பு. அது நிதிநிலை அறிக்கையில் இருக்கலாம், மானியக் கோரிக்கையின் முடிவில் அமைச்சர் சொன்னதாக இருக்கலாம், 110-ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் படித்ததாக இருக்கலாம். விதி 110-ல் சொல்லப்படுவதன் மீது அவையில் விவாதம் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அறிவிப்புக்குப் பிறகு அரசாணை. அரசாணையில்தான் தொகையும் இடமும் நிபந்தனைகளும் எழுத்தில் வருகின்றன. அதன் பிறகு மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை. நிலம் எடுக்க வேண்டியிருந்தால் இடையில் அதுவும் சேரும். அறிவிப்பு வந்த மறுநாள் பட்டாசு வெடித்த ஊர், மூன்று ஆண்டு கழித்தும் ஜல்லிக் குவியலைக்கூடக் காணாமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் கோப்பு நின்றுபோனதுதான். எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டால் மக்கள் காத்திருப்பார்கள், அல்லது சரியான அலுவலகத்தைப் போய்க் கேட்பார்கள். சொல்லாதபோது ‘யாரோ தின்றுவிட்டார்கள்’ என்ற பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. செய்யாத தவறுக்கும் உறுப்பினர் பழி ஏற்கிறார்.

சட்டமன்றத்தை மக்கள் நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. நாடாளுமன்றத்தின் மக்களவைக்கு 2006-லேயே தனித் தொலைக்காட்சி வந்துவிட்டது. தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் நேரலையாக வரத் தொடங்கியது 2022 ஜனவரியில். நல்ல தொடக்கம்தான். ஆனால் வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் மனிதருக்கு, காலை வேளையில் எந்தத் தொகுதியின் கேள்வி எப்போது வரும் என்று உட்கார்ந்து பார்க்க நேரம் ஏது? தன் தொகுதிக் கேள்வியும் பதிலும் அடங்கிய இரண்டு நிமிடத் துண்டை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவது உறுப்பினரின் அலுவலகத்துக்கு அரை மணி நேர வேலை. பல உறுப்பினர்கள் இதைச் செய்கிறார்கள். அதில் உறுப்பினர் பேசியது இருக்கும். அமைச்சரின் பதில் பல வேளைகளில் வெட்டப்பட்டிருக்கும். மக்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

கணக்குக் கொடுக்கும் மரபு

பொதுப் பணியில் இருப்பவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது தமிழ் மண்ணில் புதிய எண்ணமில்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களின் பெயரை மறுபடி குடத்தில் இடக் கூடாது என்று அதில் விதி இருக்கிறது. அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை. தகுதி என்ன, தடை என்ன என்பதை எவரும் வந்து படிக்கும்படி சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த விதியோடு ஒப்பிட்டால் இன்றைய நிலை வியப்பைத் தருகிறது. இந்திய அரசமைப்புச் சட்டம் உறுப்பினரின் உறுதிமொழி பற்றிச் சொல்கிறது, சிறப்புரிமை பற்றிச் சொல்கிறது, தகுதியிழப்பு பற்றிச் சொல்கிறது. தேர்ந்தெடுத்த மக்களுக்கு அவர் ஆண்டுக்கொருமுறையாவது அறிக்கை தர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தேர்தலே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

செட்டிநாட்டுக்கு அச்சு வழியாகச் செய்தி பரப்பிய பெருமையும் உண்டு. 1920-களில் காரைக்குடியிலிருந்து ராய. சொக்கலிங்கம் ‘ஊழியன்’ இதழையும், சொ. முருகப்பா ‘குமரன்’ இதழையும் நடத்தினார்கள். நாட்டு விடுதலையும் சமூகச் சீர்திருத்தமும் ஊர்ச் செய்திகளும் ஒரே தாளில் வந்தன. கடல் கடந்து தொழில் செய்த உறவுகளையும் ஊரின் வாதங்களோடு இதழ்கள் கட்டிவைத்தன. அதே மண்ணில் கம்பன் கழகம் கண்ட சா. கணேசன் 1962-ல் சுதந்திராக் கட்சி சார்பில் காரைக்குடியின் சட்டமன்ற உறுப்பினரானார். காரைக்குடி எந்தக் கட்சிக்கும் நிரந்தரமாகப் பட்டா எழுதிக் கொடுத்த தொகுதி இல்லை. காங்கிரஸ், சுதந்திரா, தி.மு.க., அ.தி.மு.க., தமிழ் மாநில காங்கிரஸ், பா.ஜ.க. என்று 2021 வரை ஆறு கட்சிகளை மாறி மாறி அனுப்பியிருக்கிறது. 2021-ல் வென்றவர் காங்கிரஸின் எஸ். மாங்குடி. ஆளை மாற்றத் தயங்காத வாக்காளர்கள் விவரம் கேட்கவும் தயங்க மாட்டார்கள். கேட்டால் கிடைக்கும் இடம்தான் இல்லை.

தமிழக அரசியலில் தலைவர் எழுத்தின் வழியே மக்களோடு பேசுவது பெரிய மரபு. ‘திராவிட நாடு’ இதழில் அண்ணா ‘தம்பிக்கு’ எழுதிய கடிதங்களும், ‘முரசொலி’யில் மு. கருணாநிதி ‘உடன்பிறப்பு’களுக்கு எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்களும் அரசியலை வீட்டுக்குள் கொண்டுவந்தன. 1957-ல் குளித்தலையிலிருந்து முதல்முறை சட்டமன்றம் சென்ற கருணாநிதி, நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையை அவையில் எழுப்பியவர். 1942-ல் அவர் ‘முரசொலி’யைத் தொடங்கியதே துண்டறிக்கையாகத்தான். ஆயினும் இந்தக் கடிதங்கள் கட்சித் தொண்டனைப் பார்த்து எழுதியவை. உறுப்பினர் தொகுதிக்குத் தரும் அறிக்கையோ வாக்களித்தவருக்கும் வாக்களிக்காதவருக்கும் ஒரே தாளாகப் போக வேண்டியது. இந்த இரண்டாவது வகை எழுத்து தமிழகத்தில் இன்னும் வேர் பிடிக்கவில்லை. தொகுதி முழுதும் தெரிவது பிறந்தநாள் வாழ்த்து ஃபிளக்ஸ்தான். அதில் படம் பத்தடி, விவரம் ஒரு வரிகூட இல்லை.

தெரியாமல் போனால் என்ன நஷ்டம்

கொள்கை என்பது தொலைவில் இருக்கும் சொல் போலத் தோன்றும். காரைக்குடி வட்டாரத்தில் சமீப ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்த்தால் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று புரியும்.

2024-ல் காரைக்குடி மாநகராட்சியாக உயர்ந்தது. நகராட்சியோடு கண்டனூர், கோட்டையூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், கோவிலூர், இலுப்பைக்குடி, அரியக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளும் சேர்ந்தன. ஊராட்சியில் இருந்தவர்களுக்கு உடனே எழுந்த கேள்விகள் எளியவை. வீட்டு வரி எவ்வளவு கூடும்? ஊராட்சிகளில் மட்டும் நடக்கும் நூறு நாள் வேலை நின்றுவிடுமா? கிராமசபை இருக்குமா? அதற்குப் பதிலாக என்ன வரும்? பாதாளச் சாக்கடையும் பஸ்ஸும் எப்போது? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான, எழுதப்பட்ட பதில் அந்தந்த ஊர் மந்தையில் முதலிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எல்லையை மாற்றும் முடிவு சென்னையில் எடுக்கப்படுகிறது. அதன் வரி ரசீது வீட்டு வாசலுக்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் விளக்கம் சொல்ல நிற்க வேண்டியவர் சட்டமன்ற உறுப்பினர்.

கண்மாய் வண்டல் மண் இன்னொன்று. வானம் பார்த்த பூமியான இந்த வட்டாரத்தில் கண்மாயும் ஊருணியும்தான் உயிர்நாடி. வயலுக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் எடுக்க முன்பு மாவட்ட அளவில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2024-ல் அந்த அதிகாரம் வட்டாட்சியர் நிலைக்கு இறங்கியது, கட்டணமும் இல்லை. இதை அறிந்த விவசாயி கோடையில் பத்து லோடு அடித்து நிலத்தைத் திருத்திக்கொண்டார். அறியாதவர் மழை வரும்வரை காத்திருந்து கோட்டை விட்டார். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். செய்தி மட்டும் ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை.

காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 262 கிலோமீட்டர் நீளம். 14,400 கோடி ரூபாய் மதிப்பு என்று அறிவித்தார்கள். கால்வாய் செல்லும் மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. எந்தக் கிராமத்தில் எந்தச் சர்வே எண் எடுக்கப்படும், இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படும், எந்தக் கட்டத்தில் வேலை இருக்கிறது, எந்தக் கண்மாய்களுக்குத் தண்ணீர் வரும் என்பவை நில உடைமையாளரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விவரங்கள். தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையையும் நிலம் போகும் என்ற பயத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கும் குடும்பத்துக்கு, வதந்தியை வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்தைத் திட்டமிட முடியாது.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைத் தொட்டது. அந்த டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்பதோடு, வீட்டில் ஆளைக் காணவில்லை என்பதும் நீக்கத்துக்குக் காரணமானது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகள் நிறைந்த பகுதி இது. சென்னையிலும் கோவையிலும் பிழைப்பு நடத்திவிட்டுக் கோயில் திருவிழாவுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் கதவு திறப்பவர்கள், தங்கள் வாக்கு எங்கே இருக்க வேண்டும், எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று அறிய வேண்டியிருந்தது. வீட்டோடு இருக்கும் முதியவர்கள், கூலி வேலைக்குத் திருப்பூர் போன இளைஞர்கள் எல்லாருக்கும் இதே கேள்வி. தேர்தல் அலுவலர்களின் பணி இது என்பது உண்மை. ஆனால் தன் தொகுதியில் எந்த வாக்குச்சாவடியில் எத்தனை பெயர் நீங்கியது என்று மக்களிடம் எடுத்துச் சொல்வதை விடத் தலையாய பொதுச் செய்தி ஓர் உறுப்பினருக்கு வேறு என்ன இருக்க முடியும்?

இவற்றோடு ஒரு வெற்றிடமும் சேர்ந்தது. சிவகங்கை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்கு வந்தன. வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் இல்லாத ஊரில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மிக அருகிலான மனிதர் சட்டமன்ற உறுப்பினர்தான் என்றாகிவிட்டது. சுமார் மூன்று லட்சம் வாக்காளர்களுக்கு ஒருவர். தெருவிளக்கு முதல் திட்ட மதிப்பீடு வரை அவர் தலையில் வந்து விழும்போது, வாய்வழிப் பதில் எந்த ஊருக்கும் போதாது.

இருக்கிற வழிகள்

மக்களிடமிருந்து மனு வாங்கும் ஏற்பாடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். திங்கள்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம், ஆண்டுக்கொருமுறை ஜமாபந்தி, விவசாயிகள் குறைதீர் நாள், 1100 என்ற உதவி எண், 2023 டிசம்பரில் தொடங்கிய ‘மக்களுடன் முதல்வர்’, 2025-ல் நடந்த ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் மனு எண் கிடைக்கும், குறுஞ்செய்தியும் வரும். தனி மனிதரின் குறைக்கு இது உதவுகிறது. ஊர்ப் பொதுக் கோரிக்கைக்குத் தொகுதி அளவிலான கணக்குத்தான் வேண்டும்.

அப்படி ஒரு கணக்குக்கு நல்ல அடித்தளம் 2022 ஆகஸ்டில் விழுந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, கட்சி வேறுபாடில்லாமல் ஒவ்வொருவரும் தங்கள் தொகுதியின் தலையாய பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் தரும்படி கேட்டார். நெடுநாளாக நிற்கும் பணிகளை ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்தில் எடுத்துக்கொள்வது நோக்கம். ஒவ்வொரு தொகுதிக்கும் பத்தே வரிகள். எந்தப் பத்து, எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தது, எதற்கு நிதி வந்தது, எது நிராகரிக்கப்பட்டது என்று நான்கு பத்தியில் எழுதிவிடலாம். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் முன்பே கிராமசபைகளில் வைத்துக் கேட்டிருந்தால், பெரிய ஊர்களின் குரலில் சிற்றூர்களின் குரல் அமுங்கியிருக்காது.

தொகுதி மேம்பாட்டு நிதி இன்னொரு கணக்கு. 2019-20 முதல் உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, நிழற்குடை, சாலை போன்றவற்றுக்கு உறுப்பினர் பரிந்துரைக்கிறார்; அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர். பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுக்கு 15 கோடி. எந்த ஊருக்கு எது கிடைத்தது, எந்த ஊர் விடுபட்டது என்ற பட்டியலைக் கேட்டு வாங்க இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட வேண்டியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதன்முதலில், 1997-ல், சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. அந்த மாநிலத்தில் இந்தப் பட்டியல் கேட்காமலே வர வேண்டும்.

சட்டமன்ற மனுக்கள் குழுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயன் மிகுந்த இந்த வாசல் அதிகம் அறியப்படாமல் இருக்கிறது. குழு மாவட்டந்தோறும் சுற்றி வரும். வருமுன் கலெக்டர் மூலம் அறிவிப்பு வெளியாகும். நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினையைத் தமிழில் எழுதி, ஐந்து பிரதிகளாக, குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. வேலைவாய்ப்பு, ஓய்வூதியம், கடன், பட்டா போன்ற தனிநபர் விஷயமோ நீதிமன்றத்தில் உள்ள வழக்கோ கூடாது. எடுத்துக்கொண்ட மனு பற்றி அதிகாரிகளை எதிரில் உட்காரவைத்தே குழு விசாரிக்கும். இவ்வளவு வலுவான வழியைத் தொகுதி மக்களுக்குச் சொல்லித்தர ஓர் உறுப்பினருக்கு ஒரே ஒரு பக்கம் போதும்.

எழுதிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினராக 2016-ல் சென்ற பழனிவேல் தியாகராஜன், தொகுதியில் தாம் செய்தவற்றை ஆண்டறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் நிதியமைச்சராகி, 2021 ஆகஸ்டில் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டவரும் அவர்தான். தொகுதி அளவில் எழுதிக் காட்டப் பழகியவருக்கு மாநில அளவில் எழுதிக் காட்டுவது இயல்பாக வந்திருக்கிறது. இது ஒருவரின் தனிப் பழக்கமாகவே நின்றுவிட்டது, சட்டமன்றத்தின் விதியாகவில்லை.

சிங்கப்பூரில் உறவினர் உள்ள செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு அங்கே வாரந்தோறும் மாலையில் நடக்கும் மக்கள் சந்திப்பு தெரிந்திருக்கும். 1955-ல் முதல்வராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிய வழக்கம் அது. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் உட்கார்ந்து குறை கேட்கிறார். தொண்டர்கள் கடிதம் எழுதித் தருகிறார்கள். துறையின் பதில் மனுதாரருக்கே வருகிறது. அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதி வீடுகளுக்குச் செய்திமடல் அனுப்புவது அன்றாட வழக்கம். எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தேன் என்பதைக்கூட அதில் எழுதுவார்கள். அரசுச் செலவில் போகும் கடிதம் பிரசாரமாகிவிடக் கூடாது என்பதற்காக, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்குத் தேர்தலை ஒட்டிய நாட்களில் மொத்தமாக மடல் அனுப்பத் தடையும் உண்டு. தமிழகத்திலும் தேர்தல் தேதி அறிவித்ததும் உறுப்பினர் அலுவலகங்களைப் பூட்டிச் சீல் வைக்கிறார்கள். தடைசெய்யும் விதி இங்கே இருக்கிறது. தெரிவிக்கச் சொல்லும் விதிதான் இல்லை.

ஒரு தாள் போதும்

செய்தி எப்படிப் போக வேண்டும் என்பதில் ஊரின் நடைமுறையை மதிக்க வேண்டும். கிராமங்களில் தண்டோரா போடும் வழக்கத்தை அரசு 2022-ல் நிறுத்தச் சொன்னது. இன்னொரு மனிதரை இழிவு செய்யும் வேலை தொடரக் கூடாது என்ற அந்த முடிவு சரியானது. அந்த இடத்தை ஒலிபெருக்கி கட்டிய வண்டியும் வாட்ஸ்அப்பும் எடுத்துக்கொண்டன. வாட்ஸ்அப் குழு பெரும்பாலும் கட்சிக்காரர் நிர்வகிப்பது. எதிர்க்கட்சிக்கு வாக்களித்த வீடும், ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டியும் அதில் இருப்பதில்லை. ரேஷன் கடைச் சுவர் எல்லாருக்கும் பொது. பால் சொசைட்டி, பள்ளிக்கூட வாசல், கிளை நூலகம் ஆகியவையும் அப்படியே. பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளை இந்த இடங்களில் ஒட்டி, கிராமசபையில் உரக்கப் படித்துக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதே தாளின் படத்தை அனுப்பலாம்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை சில. கடந்த கூட்டத்தொடரில் தொகுதி சார்பில் கேட்ட கேள்விகள், அமைச்சர் தந்த பதில் சொல்லுக்குச் சொல். அறிவித்த பணிகள் ஒவ்வொன்றும் இன்று எந்தப் படியில் நிற்கின்றன என்பது, அரசாணை எண்ணோடு. மேம்பாட்டு நிதி ஊர்வாரியாக. புதிய திட்டம் ஒன்று வந்திருந்தால் தகுதி, கடைசித் தேதி, போக வேண்டிய அலுவலகம். முடியாது என்று பதில் வந்த கோரிக்கைகள், காரணத்தோடு. கடைசியில் சொன்னதை எழுதத்தான் துணிவு வேண்டும். நடந்ததை மட்டும் சொல்லும் தாளை மக்கள் விளம்பரம் என்று கண்டுகொள்வார்கள்; நடக்காததையும் சொன்னால் நம்புவார்கள். எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் இது பாதுகாப்பு: தாம் கேட்டதும் அரசு மறுத்ததும் ஊருக்கு முன் எழுத்தில் இருக்கும்.

இதைச் சட்டமன்ற விதியாக்குவது அரசின் கையிலும் அவையின் கையிலும் இருக்கிறது. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத வழி ஒன்று ஊரின் கையில் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கூட்டத்தொடர் முடிந்த பின் எழுத்துமூல அறிக்கை தர வேண்டும் என்று வலையபட்டியிலோ வேறு எந்த ஊரிலோ தீர்மானம் கொண்டுவர யாரும் தடுக்க முடியாது. தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகும். அடுத்த கிராமசபைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். கையெழுத்துப் போடும் முன், அது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும்.